வட்டியில்லா பேலன்ஸ் டிரான்ஸ்பர்: கார்டு விட்டுக் கார்டு கடனை மாற்றினால் உண்மையில் எத்தனை வட்டி விழுகிறது?

மீனாட்சிபுரம் ஜெராக்ஸ் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி ஜங்ஷனை அடுத்த மீனாட்சிபுரத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கிய நாளில், நனைந்து ஊதிய ஏ4 பேப்பர் கட்டுகள் அலமாரிப் பலகையையே நெட்டிப் பிளந்திருந்தன. மெஷினின் வயிற்றுக்குள் டோனரும் ஆற்றுச் சேறும் சேர்ந்து கண்மை போல இறுகிக் கிடந்தன. பொதுத்தேர்வு மாதங்களையும் ஜூன் மாதத்தையும் விட்டால் எங்கள் தொழிலுக்கு வேறு அறுவடை கிடையாது. ஆகவே 2024 ஜனவரியில் கையிலிருந்த கிரெடிட் கார்டைத் தேய்த்து, செகண்ட்ஸ் மெஷின் ஒன்றும் பேப்பரும் 1,35,000 ரூபாய்க்கு வாங்கிக் கடையைத் திறந்தேன்.

அன்றிலிருந்து இருபது பில்களுக்குக் குறைந்தபட்சத் தொகையை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறேன். அந்தக் கார்டில் வேறு எதுவும் வாங்கவில்லை. நேற்று இரவு எல்லா ஸ்டேட்மெண்டுகளையும் கடை மெஷினிலேயே அச்செடுத்துக் கூட்டிப் பார்த்தேன். இதுவரை கட்டியது 1,27,800 ரூபாய்க்கு மேல். இன்னும் நிற்கும் பாக்கி 1,20,000 ரூபாய். முதலில் கால்குலேட்டரில் பிழை என்று நினைத்தேன்.

என்னிடம் வேறொரு வங்கியின் கார்டும் இருக்கிறது. வரம்பு 1,50,000 ரூபாய், பயன்படுத்துவதே இல்லை. அந்த வங்கியிலிருந்து பேசிய பெண், பழைய பாக்கியை இந்தக் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் 60 நாட்களுக்கு வட்டியே கிடையாது, 2 விழுக்காடு கட்டணம் மட்டும்தான் என்றார். அது வேண்டாமென்றால் மாதம் 1.5 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையாகவும் மாற்றித் தருவார்களாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எப்படியானாலும் வரம்பில் 75 விழுக்காடு வரைதான், அதாவது 1,12,500 ரூபாய் வரைதான் மாற்ற முடியும்.

எனக்குத் தோன்றுவது இது: 60 நாட்கள் முடிவதற்குள் மூன்றாவது கார்டு ஒன்றை வாங்கி அதற்கு மாற்றி, அங்கிருந்து நான்காவதற்கு மாற்றி, இப்படியே சுற்றிக்கொண்டு போனால் வட்டியே கட்டாமல் அசலை அடைத்துவிடலாம் அல்லவா? இதில் நான் காணாத குழி எங்கே இருக்கிறது? மாதம் 11,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும்.

டவுன் ரதவீதி எழுதியது:

அண்ணாச்சி, நம் ஊர்க் கணக்கில் சொல்லிப் பார்த்தால் குழி தானாகத் தெரிந்துவிடும். உங்கள் பழைய கார்டு மாதம் 3.75 விழுக்காடு எடுக்கிறது என்று ஊகிக்கிறேன். அதாவது மூன்றே முக்கால் வட்டி. ஒருவர் நேரில் வந்து நூற்றுக்கு மூன்றே முக்கால் ரூபாய் வட்டிக்குக் கடன் தருகிறேன் என்று சொன்னால், அவர் எந்தத் தெருக்காரர் என்று விசாரித்துவிட்டு வாசலோடு அனுப்பியிருப்போம். பிளாஸ்டிக் அட்டையில் வந்ததால் நடுவீட்டில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டோம்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் கால்குலேட்டரில் பிழை இல்லை. 1,20,000 ரூபாய்க்கு 3.75 விழுக்காடு என்றால் மாத வட்டி 4,500 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 810 ரூபாய். ஆக 5,310. பாக்கியில் 5 விழுக்காடான 6,000 ரூபாயை நீங்கள் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டினால், அசலில் கழிவது 690 ரூபாய் மட்டுமே. ஜிஎஸ்டியையும் சேர்த்துச் சொன்னால் நீங்கள் கட்டுவது மூன்றே முக்கால் வட்டி அன்று, 4.425 வட்டி, ஆண்டுக்கு 53 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகை என்பது, உங்கள் கணக்கு வாராக்கடன் பட்டியலில் ஏறாமல் இருப்பதற்கான தொகை. கடனை அடைக்கும் தொகை அது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, கார்டு வாங்கும்போது சொல்லப்படும் வட்டியில்லா நாட்கள். போன பில்லை முழுதாகக் கட்டியவருக்குத்தான் அந்தச் சலுகை. சிறு தொகை பாக்கி நின்றாலும், அடுத்து வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்தக் கார்டை நீங்கள் வேறெதற்கும் தொடாமல் இருந்தது நல்ல காரியம். பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை.

இனி அந்தப் பெண் சொன்ன இரண்டு வழிகளுக்கு வருவோம். 60 நாள் திட்டத்தில் 1,12,500 ரூபாய்க்குக் கட்டணம் 2,250. அதற்கும் ஜிஎஸ்டி 405. மொத்தம் 2,655 ரூபாய். இது 2.36 விழுக்காடு. இரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.18. ஆகவே ‘வட்டியில்லை’ என்று சொல்லப்படும் இந்தக் கடன், நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் பதினெட்டுக் காசு வட்டிக் கடன். கட்டணம் என்ற சட்டையைக் கழற்றினால் உள்ளே இருப்பது வட்டிதான். ஆனாலும் பழைய கார்டோடு ஒப்பிட்டால் மலிவுதான்: அதே தொகைக்குப் பழைய கார்டில் இரண்டு மாதத்தில் 9,950 ரூபாய்க்கு மேல் போயிருக்கும், இங்கே மிச்சம் 7,300 ரூபாய்.

சிக்கல் அறுபத்தோராவது நாளில் இருக்கிறது. அன்று மிச்சமிருக்கும் தொகை அந்தக் கார்டின் வழக்கமான வட்டிக்கு ஏறிவிடும். மாதம் 11,000 ஒதுக்கினால் இரண்டு மாதத்தில் 22,000 அடைத்திருப்பீர்கள். தொண்ணூறாயிரம் ரூபாய் மீண்டும் மூன்றே முக்கால் வட்டியில் போய் உட்காரும்.

தவணைத் திட்டத்தில் மாதத் தவணை 10,314 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வட்டி ஏறத்தாழ 11,270. வட்டி மீதான ஜிஎஸ்டி 2,030. சேர்த்து 13,300 ரூபாய். ஜிஎஸ்டியோடு சேர்த்து 1.77 வட்டி, அதுவும் குறையும் அசலின் மீது. காகிதத்தில் பார்த்தால் 1.18 மலிவு, 1.77 கூடுதல். ஆனால் உங்கள் கல்லாவுக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். இதே 10,314 ரூபாயைப் பழைய கார்டிலேயே மாதந்தோறும் கட்டி வந்தால், முடிவதற்குப் பதினைந்து மாதங்களுக்கு மேலாகும். வட்டியும் அதன் ஜிஎஸ்டியுமாக நாற்பத்து நான்காயிரத்துக்கு மேல் போகும்.

கார்டு விட்டுக் கார்டு சுற்றுவதைப் பற்றி நாளை எழுதுகிறேன். மின்சாரம் போய்விட்டது, கைப்பேசியில் இதற்கு மேல் தட்ட முடியவில்லை.

அம்பை நியூஜெர்சி எழுதியது:

சொந்த ஊர் அம்பாசமுத்திரம். பதினோரு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறேன். கார்டு விட்டுக் கார்டு சுற்றும் யோசனை இந்த நாட்டிலிருந்து இணையம் வழியாக நம் ஊருக்கு வந்தது என்று நினைக்கிறேன். ஆனால் இங்கே உள்ள நிலைமை வேறு.

இங்கே புதிய கார்டு வாங்கும்போது, பழைய பாக்கியை மாற்றிக்கொண்டால் 12 மாதம், 15 மாதம், சில கார்டுகளில் 21 மாதம் வரை வட்டி கிடையாது. கட்டணம் 3 முதல் 5 விழுக்காடு, ஒரே முறை. நான் வந்த புதிதில் 5,000 டாலர் பாக்கியை 3 விழுக்காடு கட்டணத்தில் 18 மாதத்துக்கு மாற்றினேன். கட்டணத்தோடு 5,150 டாலர். பதினெட்டால் வகுத்து மாதம் 287 டாலர் தானாகப் போகும்படி வைத்துவிட்டு அந்தக் கார்டை மறந்துவிட்டேன். ஊர்க் கணக்கில் அது மாதம் பதினேழு காசு வட்டிதான். கடனை மெல்ல மெல்ல அடைத்ததால் உண்மையில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும் என்று பாளை ஐயா திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டுக் கார்டுச் சட்டப்படி, இப்படித் தரப்படும் சலுகை வட்டி குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் நாம் கட்டும் பணத்தை அதிக வட்டியுள்ள பாக்கிக்குத்தான் முதலில் வரவு வைக்க வேண்டும். இரண்டு மாதச் சலுகைக்கும் பதினெட்டு மாதச் சலுகைக்கும் உள்ள வேறுபாடு, ஏணிக்கும் முக்காலிக்கும் உள்ள வேறுபாடு. முக்காலியை வைத்துக்கொண்டு மாடிக்கு ஏற முடியாது, அண்ணாச்சி. இங்கேயும் ஒரே வங்கியின் ஒரு கார்டிலிருந்து அதே வங்கியின் இன்னொரு கார்டுக்கு மாற்ற விடமாட்டார்கள். சலுகைக் காலம் முடிந்தபின் 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி பாயும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறிக்காமல் விட்டு மாட்டிக்கொண்ட நண்பர்கள் எனக்கு உண்டு.

மீனாட்சிபுரம் ஜெராக்ஸ் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 690 ரூபாய் என்ற எண்ணைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கடையில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். மூன்றாயிரம் பக்கம் ஓட்டி வங்கியில் கட்டினால் முந்நூற்று நாற்பத்தைந்து பக்கத்துக்கு உரிய பணம்தான் என் கடனில் கழிந்திருக்கிறது. மற்ற பக்கங்களை யாருக்காக ஓட்டினேனோ தெரியவில்லை.

டவுன் ரதவீதி எழுதியது:

இத்தனை வட்டி வாங்குவதைக் கேட்க ஆள் இல்லையா? கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறதே? 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகு வட்டிக்கு விடுபவர்கள் மீது எத்தனை வழக்குகள் போட்டார்கள்! வங்கிக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பாளை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, அந்த நாளை நினைவூட்டாதீர்கள். எங்கள் கிளையில் அன்று ஒருவரும் மதிய உணவைத் தொடவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வட்டி மிக அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு நீதிமன்றம் வங்கிக்கும் கடன் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கை மறுபடியும் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு சொல்கிறது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நேர்மையற்ற வணிக முறை என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் கார்டு வட்டிக்குச் சட்டம் போட்ட உச்சவரம்பு இல்லை. அது சரியா தவறா என்று நாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்; அண்ணாச்சியின் பில் அதனால் குறையாது.

இப்போது சுற்றுவதைப் பற்றி. ஒவ்வொரு 60 நாளுக்கும் 2.36 விழுக்காடு கட்டணம் என்றால், ஆண்டுக்கு ஆறு முறை மாற்ற வேண்டும். கட்டணம் 14 விழுக்காட்டைத் தாண்டும். 53 விழுக்காட்டுக்கு முன் இது எவ்வளவோ தேவலை என்று தோன்றும். கணக்கு பொய்யில்லை. ஆனால் இந்த ஏற்பாடு நடப்பதற்கு, சலுகை தரவும் போதிய வரம்பு தரவும் தயாராக இருக்கும் ஆறு வங்கிகள் வரிசையாக நிற்க வேண்டும். நீங்கள் புதிய கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசாரணை, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். முன்பு வங்கிகள் மாதத்துக்கு ஒரு முறை கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய தகவலை, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள். ஆகவே ஒரு கார்டின் வரம்பு நிரம்பி வழிவதும், அடுத்தடுத்துக் கார்டு கேட்பதும் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவது வங்கி மறுத்துவிட்டால், இரண்டாவது கார்டில் முழுக் கடனோடும் முழு வட்டியோடும் நடு ஆற்றில் நிற்பீர்கள்.

வண்ணார்பேட்டை ஆசிரியை எழுதியது:

மாற்றியே தீருவது என்று முடிவு செய்தால், அண்ணன், நாட்களைப் பார்த்துச் செய்யுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வங்கியின் பெயர் வேண்டாம்.

என் கார்டில் 84,000 ரூபாய் பாக்கி இருந்தது; மாதம் மூன்றரை வட்டி. ஆகஸ்ட் 25 அன்று ஸ்டேட்மெண்ட் வந்தது. கெடுதேதி செப்டம்பர் 14. வேறொரு வங்கியிலிருந்து பேசியவர், “அம்மா, நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம், நாங்களே பழைய கார்டுக்குப் பணத்தை அனுப்பிவிடுவோம்” என்றார். 12-ஆம் தேதி ஒப்புதல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பணம் பழைய கார்டில் வரவானது 19-ஆம் தேதி. தாமதக் கட்டணம் போட்டார்கள். கெடுதேதி கடந்து மூன்று நாட்களுக்கு மேலானால்தான் தாமதக் கட்டணமும் சிபிலுக்குப் புகாரும் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஆனதோ ஐந்து நாள். அந்தப் பேச்சைக் கேட்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் 13-ஆம் தேதி கட்டியிருந்தால் ஒரு கறையும் விழுந்திருக்காது.

அதோடு முடியவில்லை. முழுப் பாக்கியும் போய்விட்டதே என்று இருந்தவளுக்கு அடுத்த மாதமும் பில் வந்தது: வட்டி 2,416 ரூபாய், ஜிஎஸ்டி 435. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறிக் கிளைக்கு ஓடினேன். ஸ்டேட்மெண்ட் போட்ட நாளிலிருந்து பணம் வந்து சேர்ந்த நாள் வரை, 25 நாளுக்கான வட்டி அது என்று அங்கே இருந்த பையன் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணிக் காட்டினான். ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையை அப்படியே மாற்றினால் இந்த வால் ஒன்று பின்னால் வரும். அதற்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் வாசி எழுதியது:

எங்கள் வீட்டில் வட்டி வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்பதால் கார்டு பில்லைக் கெடுதேதிக்கு முன் முழுதாகக் கட்டிவிடுவேன். அந்த அளவோடு சரி. ‘வட்டியில்லை, கட்டணம் மட்டும்’ என்று எனக்கும் பலமுறை பேசினார்கள். தொகைக்கும் நாளுக்கும் தக்கபடி ஏறுகிற ஒன்றுக்குக் கட்டணம் என்று பெயர் வைத்தால் பெயர்தான் மாறும் என்று பதில் சொன்னேன். பாளை ஐயா அதையே ரூபாயாகவும் காசாகவும் பிரித்துக் காட்டிவிட்டார்.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

இவ்வளவு பேசியும் நகையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே. நான் வாழை போடுபவன். கன்று நட்டுத் தார் வெட்டும் வரை கை காய்ந்துதான் இருக்கும். ஆண்டுதோறும் நகையை வைத்து, தார் விற்றதும் திருப்பி, மறுபடியும் வைப்பதே எங்கள் பிழைப்பு. வங்கியில் நான் கடைசியாக வைத்த நகைக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, அதாவது முக்கால் வட்டி. 1.18-க்கும் 1.77-க்கும் சண்டை போடுவதற்கு முன், வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்தீர்களா, அண்ணாச்சி?

மீனாட்சிபுரம் ஜெராக்ஸ் எழுதியது:

பீரோவில் ஒன்றும் இல்லை. அதே வெள்ளத்தில் வீட்டுச் சுவர் இடிந்ததைச் சரிசெய்ய, 2024 ஜனவரியிலேயே மனைவியின் வளையல்களையும் சங்கிலியையும் ஜங்ஷனில் உள்ள வங்கியில் வைத்துவிட்டேன். ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். தாலிக்கொடி ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்பதாக இல்லை.

களக்காடு வாழைத்தோட்டம் எழுதியது:

வைத்த நகை வங்கியில் இருக்கிறது என்றால், பீரோ காலியில்லை என்று அர்த்தம். 2024 ஜனவரியில் தங்கம் விற்ற விலை என்ன, இன்று விற்கும் விலை என்ன? அன்றைய விலைக்குத்தான் உங்களுக்குக் கடன் கொடுத்திருப்பார்கள். பழைய கடனை முடித்து, அதே நகையை இன்றைய விலைக்கு மறுபடியும் வைத்தால் கூடுதல் பணம் கையில் வரும். நாங்கள் மழை பொய்த்த ஆண்டுகளில் செய்வது இதைத்தான். ஒரு நாள் மட்டும் முடித்து வைக்கக் கைமாற்று வேண்டியிருக்கும். மேலாளரிடம் போய்க் கேளுங்கள், நாளைக்கே போங்கள்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

களக்காட்டுத் தம்பிக்குத் தோன்றியது, முப்பத்து நான்கு ஆண்டுகள் நகைக்கடன் மேசைக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். கூடுதல் பணம் கைக்கு வந்த அன்றே, வீட்டுக்குக்கூடப் போகாமல், பழைய கார்டில் கட்டிவிடுங்கள். நகைப் பணம் ஒரு வாரம் சேமிப்புக் கணக்கில் தங்கினால் அதற்கு வேறு வேலை முளைத்துவிடும். இரண்டாவது, கார்டுக் கடனுக்குப் பிணை கிடையாது. நகைக்கடன் தவறினால் வளையல் ஏலத்துக்குப் போகும். மலிவான வட்டிக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

மீனாட்சிபுரம் ஜெராக்ஸ் எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வங்கியில் பழைய நகைக்கடனைப் பக்கத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் ஒரு நாள் கைமாற்று வாங்கி முடித்தேன். அதே மேசையில், அதே எடையாளர், அதே வளையல்களை மறுபடி நிறுத்துப் பார்த்தார். பழைய கடனைக் கழித்துக் கூடுதலாக 60,000 ரூபாய் கேட்டேன், கிடைத்தது. இதைவிட அதிகமாகவும் தருவதாகச் சொன்னார்கள். மனைவி கூடவே இருந்ததால் அறுபதோடு நிறுத்திவிட்டோம். வட்டி 9 விழுக்காடு. அன்று மாலை ஐந்து மணிக்குள் 60,000 ரூபாயும் பழைய கார்டுக்குப் போய்விட்டது.

மிச்சம் 60,000 ரூபாயை இரண்டாவது கார்டுக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறேன். 60 நாள் திட்டத்தை எடுக்கவில்லை. 1.5 விழுக்காட்டில் ஆறு மாதத் தவணை. மாதம் 10,532 ரூபாய். முதல் மாதம் வட்டி 900 ரூபாய்க்கு ஜிஎஸ்டி 162 சேரும், ஆக 10,694. நான் ஒதுக்கக்கூடிய 11,000-க்குள் அடங்குகிறது. ஆசிரியைத் தங்கச்சி சொன்னபடி, பழைய கார்டின் கெடுதேதிக்கு எட்டு நாள் முன்பாகவே ஒப்புதல் கொடுத்தேன்.

மொத்தச் செலவைப் பாளை ஐயாவின் முறையில் நானே போட்டுப் பார்த்தேன். தவணைக்கு வட்டி 3,189, ஜிஎஸ்டி 574. ஆறு மாதத்துக்கு நகைக்கடன் வட்டி 2,700. அதன் பிறகு இதே 11,000 ரூபாயை நகைக்கடனுக்குத் திருப்பினால் மேலும் ஏறத்தாழ 1,600. எல்லாம் சேர்த்து எட்டாயிரம் சொச்சம். மாற்ற முடிந்த 1,12,500 முழுவதையும் தவணையாக மாற்றியிருந்தால் 13,300.

அம்பை நியூஜெர்சி எழுதியது:

கணக்கு சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: பழைய கார்டை என்ன செய்யப் போகிறீர்கள்? இங்கே எல்லோரும் பழைய கார்டை மூட வேண்டாம் என்பார்கள். மூடினால் மொத்த வரம்பு குறைந்து, இருக்கும் கடன் வரம்பில் பெரிய பங்காகத் தெரியும், கடன் மதிப்பெண் இறங்கும்.

டவுன் ரதவீதி எழுதியது:

மதிப்பெண் இறங்கினால் ஏறிக்கொள்ளும். அண்ணாச்சி, மூடிவிடுங்கள். திறந்த கார்டு சும்மா கிடக்காது.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

நியூஜெர்சித் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஓராண்டுக்குள் வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மூடுவதாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் வால் வட்டி வந்து, அதைக் கட்டிய பிறகுதான் பாக்கி இல்லை என்று ஆகும். அதற்கு முன் கேட்டால் நாள் கணக்கே தொடங்காது.

மீனாட்சிபுரம் ஜெராக்ஸ் எழுதியது:

வால் வந்தது. நகைப் பணம் ஸ்டேட்மெண்ட் போட்ட ஐந்தாம் நாளும், மாற்றிய பணம் பன்னிரண்டாம் நாளும் சேர்ந்ததால், இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி 1,258, ஜிஎஸ்டி 226, மொத்தம் 1,484 ரூபாய். எதிர்பார்த்திருந்ததால் பதறவில்லை; அன்றே கட்டிவிட்டு மூடக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். உடனே ஒருவர் அழைத்து, ஆயுளுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டாக மாற்றித் தருகிறோம், வரம்பையும் உயர்த்துகிறோம் என்று இருபது நிமிடம் பேசினார். டோனர் தீர்ந்தால் என் கை எங்கே நீளும் என்று எனக்குத் தெரியும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவது வேலை நாளில் மூடியதாகக் குறுஞ்செய்தி வந்தது. பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றை நகைக்கடன் ரசீதோடு வைத்திருக்கிறேன்.

முதல் தவணை 10,694 ரூபாய் போய்விட்டது. அசலில் கழிந்தது 9,632.